முறுக்குப் பொட்டலத்தின் ஊட்டச்சத்து அட்டவணையைத் தெளிவாக்குவது எப்படி?

கேள்வி (சுங்கை சிப்புட்): எங்கள் தோட்டத்து மகளிர் குழுவின் முறுக்குப் பொட்டலத்தில் 100 கிராமுக்கும் ஒரு பரிமாறலுக்குமாக இரு பத்திகளில் எண்களை அச்சிட்டிருந்தும், பார்வை மங்கிய பெரியவர்களால் உப்பின் அளவை அறிய முடியவில்லை. என்ன செய்யலாம்?

மறுமொழி 1: அம்மா, பரிமாறலைக் கிராமில் குறிப்பதோடு, எத்தனை முறுக்கு என்றும் எழுதுங்கள். எண்களை வலப்பக்கம் ஒரே நேராக நிறுத்தி, வெள்ளைப் பின்னணியில் கறுப்பு எழுத்தைப் பயன்படுத்துங்கள். பளபளக்கும் நெகிழியில் மஞ்சள் எழுத்து (பலருக்கு அதன்மீதுதான் ஆசை) எவர் கண்ணுக்கும் தெரியாது.

மறுமொழி 2: சிலி நாட்டில் 2016 முதல் சோடியமோ (உப்பில் உள்ள தனிமம்) சர்க்கரையோ மிகுந்த பொருள்களின் முன்புறத்தில் கறுப்பு எண்கோண முத்திரை இடப்படுகிறது. அந்த அளவுக்குப் போகாவிட்டாலும், சோடியத்தை மட்டுமாவது முன்புறத்தில் பெரிதாகக் காட்டலாம்.

மறுமொழி 3: சோடியத்தை 2.5ஆல் பெருக்கினால் உப்பின் அளவு கிடைக்கும். அதையும் அருகில் எழுதுங்கள், அக்கா.