2-பிரிடில் சுசுகி இணைப்பு: போரானிக் அமிலம் சிதைந்துவிடுகிறது, வழி கூறுங்கள்

2-பிரிடில்போரானிக் அமிலத்தை மெத்தில் 4-புரோமோ-3-மெத்தாக்ஸிபென்சோயேட்டுடன் சுசுகி வினையில் (போரான் சேர்மத்தையும் புரோமைடையும் பலேடியம் வினையூக்கியால் கார்பன்–கார்பன் பிணைப்பாக இணைக்கும் வினை) இணைக்கக் கடந்த மாதத்திலிருந்து முயன்றுவருகிறேன்; விளைபொருள் தடயமாக மட்டுமே கிடைக்கிறது.

டெட்ராகிஸ்(டிரைபீனைல்பாஸ்பீன்)பலேடியம் 5 மோல் சதவீதம், பொட்டாசியம் கார்பனேட், டையாக்சேன்–நீர் 4:1, 90 டிகிரி செல்சியஸ், ஆர்கான் சூழல் ஆகியவையே வினை நிலைகள். மஞ்சளாகத் தொடங்கும் கலவை ஒரு மணி நேரத்துக்குள் கறுத்து, குடுவைச் சுவரில் பலேடியம் கருநிற உலோகத் தூளாகப் படிகிறது. டிஎல்சி (மென்படல வண்ணப்படிவியல்) தட்டில் புரோமைடு அப்படியே நிற்க, ஜிசி-எம்எஸ்ஸில் (வாயு வண்ணப்படிவியல்–நிறை நிறமாலையியல்) போரானை இழந்த பிரிடின் தெளிவாகத் தெரிகிறது. ஆகவே, இணைவதற்கு முன்பே கார்பன்–போரான் பிணைப்பு அறுந்துவிடுகிறது என்பதில் எனக்கு ஐயமில்லை. இந்த அமிலம் 70 டிகிரியில், நடுநிலைக் கரைசலில், ஒரு நிமிடத்துக்குள்ளேயே பாதி சிதைந்துவிடக்கூடியது.

புதிய வினையூக்கி, எக்ஸ்ஃபாஸ் ஈந்தணைவி (பலேடியத்துடன் பிணையும் பாஸ்பீன்), சீசியம் கார்பனேட், அமிலத்தைச் சிறிது சிறிதாகச் சேர்த்தல் ஆகிய எதுவும் பயன்தரவில்லை. அதே புரோமைடு, அதே வினையூக்கி, அதே கரைப்பானில் பீனைல்போரானிக் அமிலம் நன்றாகவே இணைந்தது என்பதால் அவற்றின் மீது பழி சொல்ல இயலாது. போரானுக்குப் பதில் கரிம வெள்ளீயச் சேர்மத்தைப் பயன்படுத்தும் ஸ்டில்லே வினையை, அச்சேர்மங்களின் நச்சுத்தன்மை கருதி விலக்கிவிட்டேன்.

எஞ்சியிருப்பவை இரண்டு: தாமிர(II) அசிடேட்டுடன் அமிலத்தை மெதுவாக வெளிவிடும் மிடா போரோனேட் (போரானிக் அமிலத்தின் காக்கப்பட்ட, நிலையான வடிவம்), அல்லது புரோமைடிலுள்ள எஸ்டரைத் தாக்காத பிரிடில் துத்தநாகச் சேர்மத்தைக் கொண்ட நெகிஷி வினை. கையுறைப் பெட்டி (காற்றும் ஈரமும் புகாமல் வேலை செய்யும் அடைப்பு) இல்லாத ஆய்வகத்தில், 10 கிராம் அளவில், இவ்விரண்டில் எது நம்பத்தக்க விளைச்சல் தரும்?