சதாபிஷேக நாடகம்: அழைப்பிதழில் யார் பெயர்?

முரளி: அச்சகத்தில் இன்று மாலை ஆறு மணிக்குள் பிழை திருத்திக் கேட்கிறார்கள். தாத்தாவின் சதாபிஷேக நிகழ்ச்சி நிரலில் ‘கதை, வசனம், இயக்கம்: கார்த்திக்’ என்று போட்டிருக்கிறேன். எல்லோருக்கும் சம்மதமா?

வசந்தி சித்தி: சம்மதம்.

பெரியப்பா: எனக்குச் சம்மதமில்லை. மூன்று மகள்களில் முகத்துதி பாடிய இருவருக்குச் சொத்தைக் கொடுத்து, புகழ்ந்து பேசாமல் நின்ற கடைசி மகளை ஒதுக்கிவிட்டு நடுத்தெருவில் நிற்கும் தகப்பனின் கதை ஷேக்ஸ்பியரின் ‘லியர் அரசன்’. அதைக் ‘கதை: கார்த்திக்’ என்று அச்சிடுவது முறையல்ல.

கார்த்திக்: ஷேக்ஸ்பியரும் அதை இரவல் வாங்கியவர்தானே, பெரியப்பா?

பெரியப்பா: ஆம். 12ஆம் நூற்றாண்டில் மான்மத் ஜெஃப்ரி எழுதிய பிரிட்டன் அரசர் வரலாற்றிலேயே இந்தக் கதை இருக்கிறது. பெயர் தெரியாத ஒருவர் எழுதிய லியர் நாடகம் 1605இல் அச்சேறியது. ஷேக்ஸ்பியருடையது 1606 டிசம்பர் 26 அன்று அரசவையில் நடிக்கப்பட்டது. பழைய நாடகத்தில் அரசன் மீண்டும் அரியணை ஏறுகிறான், கடைசி மகளும் உயிரோடு இருக்கிறாள். ஷேக்ஸ்பியரோ அந்த மகளின் பிணத்தைத் தகப்பன் கையில் கொடுத்தார். பழையதில் இல்லாத விதூஷகனையும் சேர்த்தார். கதை அவருடையதல்ல, அந்தச் சாவு அவருடையது.

கமலா அத்தை: எண்பதாம் கல்யாணத்தில் பிணத்தை மேடையேற்றுவதா, அண்ணா? அந்தப் பெண் பிழைக்கட்டும்.

வசந்தி சித்தி: சமையல்காரர் எத்தனை இலை என்று கேட்கிறார்.

முரளி: அதை இரவு பேசலாம், சித்தி.

பெரியப்பா: கமலா, நீ கேட்பதை 1681இலேயே நேயம் டேட் என்பவர் செய்துவிட்டார். கடைசி மகளைப் பிழைக்க வைத்து, அதே நாடகத்தில் வரும் எட்கர் என்ற பிரபுவின் மகனுக்கு மணமும் முடித்தார். சுமார் 150 ஆண்டுகள் இங்கிலாந்து மேடையில் அந்த முடிவே கோலோச்சியது. 1838இல் மெக்ரெடி என்ற நடிகர் ஷேக்ஸ்பியரின் முடிவையும் விதூஷகனையும் மீட்டுக் கொண்டுவந்தார்.

கமலா அத்தை: அப்படியானால் 150 ஆண்டுகள் பார்த்தவர்களுக்கும் என்னைப் போலத்தான் மனம் பொறுக்கவில்லை. பேசாமல் நின்றதற்குச் சாவா தண்டனை? சொத்தில் என் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தில் நானும் பேசாமல்தான் கையெழுத்திட்டேன்.

முரளி: அத்தை, அந்தப் பேச்சு இங்கே வேண்டாமே.

கார்த்திக்: அத்தை, என் நாடகம் சார்பதிவாளர் அலுவலகத்தில் தொடங்குகிறது. செட்டில்மென்ட் பத்திரத்துக்காகத் தகப்பன் கருவியில் பெருவிரலை வைக்கிறார். மண்வெட்டி பிடித்துத் தேய்ந்த விரலில் ரேகை விழவில்லை. ஒரு சென்ட் நிலம்கூடப் பெறாத இளையவள் முன்னால் வந்து, முந்தானையால் அந்த விரலைத் துடைத்துவிட்டு, ஒன்றும் பேசாமல் விலகி நிற்கிறாள். பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு எழுதிக் கொடுத்த சொத்தை, பிள்ளைகள் கைவிட்டால் ரத்து செய்யக் கோரலாம் என்று 2007ஆம் ஆண்டின் பெற்றோர் பராமரிப்புச் சட்டத்தில் 23ஆம் பிரிவு இருக்கிறது. பிற்பாதியில் கோட்டாட்சியருக்கு அவள் மனு எழுதுகிறாள். பெற்ற மகள்கள் மேல் வழக்கா என்று தகப்பன் கையெழுத்திட மறுக்கிறார்.

பெரியப்பா: அந்த மனு உன்னுடையது, கார்த்திக். லியருக்கு மனு கொடுக்க ஓர் இடமே இருக்கவில்லை. உன் தகப்பனுக்கு இடம் இருந்தும் மனம் வரவில்லை. அதனால்தான் மூலத்தைச் சொல் என்கிறேன். சொன்னால்தான் நீ எங்கே விலகினாய் என்பது சபைக்குப் புரியும். பம்மல் சம்பந்த முதலியார் கையில் ‘ஹாம்லெட்’ ‘அமலாதித்யன்’ ஆனது, ‘மெக்பெத்’ ‘மகபதி’ ஆனது. அவை தழுவல்கள் என்பதால் அவருடைய பெருமை குறைந்துவிடவில்லை.

கார்த்திக்: சரி, பெரியப்பா. ‘மூலம்: ஷேக்ஸ்பியர்’ என்ற வரியைச் சேர்த்துவிடு, முரளி. என் பெயருக்கு முன்னால் ‘தழுவல்’ வேண்டாம், ‘நாடக ஆக்கம்’ என்று இருக்கட்டும்.

பெரியப்பா: ‘தழுவல்’ என்பதே நேர்மையான சொல்.

முரளி: மூலத்தைச் சேர்த்துவிட்டேன். அச்சகத்திலிருந்து மறுபடியும் அழைக்கிறார்கள். இரண்டில் எந்தச் சொல்?

வசந்தி சித்தி: இருநூறு இலை சொல்லிவிட்டேன்.

கார்த்திக்: கடைசிக் காட்சியை இன்னும் எழுதவில்லை, அத்தை. ஞாயிற்றுக்கிழமை ஒத்திகைக்கு வாருங்கள்.

கமலா அத்தை: வருகிறேன். ஆனால் அவளைக் கொல்ல நான் சம்மதிக்க மாட்டேன்.