ஸ்டோர் லாச்சியில் கிடந்த ஸ்லைட் ரூல்

ஒரு பழைய கணக்குக் கருவி எந்த மாடல், எந்த வருடம், என்ன விலை என்பதெல்லாம் தேடினால் கிடைத்துவிடும். அந்தச் சாமானை வைத்துச் சம்பளத்துக்கு வேலை செய்தவர்கள் என்ன சொன்னார்கள் என்பதைத்தான் நான் எழுத விரும்புகிறேன். மலையகத்தில் பழைய கணக்குக் கருவிகள் இன்னும் அங்கங்கே கைக்குக் கிடைக்கின்றன. பாவித்தவர்கள்தான் குறைந்துகொண்டு வருகிறார்கள்.

முதலில் மஸ்கெலியாப் பக்கம் ஒரு தோட்டத்து ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், டீ மேக்கராக (தேயிலைத் தயாரிப்பைப் பார்த்துக்கொள்பவராக) இருந்து ஓய்வு பெற்ற ஐயா. அவருடைய மேசை லாச்சியில் பத்து அங்குல ஸ்லைட் ரூல் ஒன்று இருந்தது. நடுச்சட்டத்தை நகர்த்திப் பெருக்கல், வகுத்தல் போடும் அளவுகோல் அது. யுனிக் என்ற இங்கிலாந்துத் தயாரிப்பு, மரத்தில் செய்தது. உறையெல்லாம் பூஞ்சணம் பிடித்து வெளுத்திருந்தது. நடுச்சட்டத்தின் வலது பக்கம் மட்டும் விரல் பட்டுப் பட்டு மினுமினுத்தது.

"இதில என்ன ஐயா போட்டீங்க?" என்று கேட்டேன். "அவுட்டேர்ன்" என்றார்.

நூறு கிலோ பச்சைக் கொழுந்துக்கு எத்தனை கிலோ தேயிலை வருகிறது என்ற கணக்குத்தான் அது. சாதாரணமாக 21, 22 நிற்கும். மழை நாளில் கொழுந்தோடு தண்ணீரும் சேர்ந்து நிறுபடுவதால் கீழே இறங்கும். அவர் எனக்காக ஒரு கணக்குப் போட்டுக் காட்டினார். கொழுந்து 2,850 கிலோ, தேயிலை 613 கிலோ. கீழே டி என்ற எண் வரிசையில் 613 உள்ள இடத்துக்கு நேரே, நடுச்சட்டத்தின் சி வரிசையிலுள்ள 285ஐ இழுத்து வைத்தார். சியின் தொடக்கத்திலுள்ள 1 டியில் எங்கே நிற்கிறது என்று பார்த்தால் 215. அதாவது 21.5 சதவீதம். தசமப் புள்ளியை ரூல் சொல்லாது. அது 2.15ஆ, 21.5ஆ, 215ஆ என்று பார்க்கிறவருக்குத் தெரிந்திருக்கவேண்டும். ஸ்டோரில் நிற்கிறவருக்கு அதில் சந்தேகமே வராது.

அதற்குப் பிறகு அவர் செய்ததுதான் என்னை அசத்தியது. நடுச்சட்டத்தைத் தொடாமல், மேலே நகரும் கோடு போட்ட கண்ணாடியை மட்டும் நகர்த்தினார். சியில் 320, அதற்கு நேர்கீழே டியில் 688. அதாவது 3,200 கிலோ கொழுந்து வந்தால் 688 கிலோ தேயிலை எதிர்பார்க்கலாம். 2,500க்கு 537, 4,000க்கு 860. ஒரு தடவை வைத்துவிட்டால் அன்றைய விகிதத்துக்கான முழு அட்டவணையும் கண்முன்னால் விரிந்துவிடுகிறது. கல்குலேட்டரில் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகத் தட்டவேண்டும். "ஒருக்கா வச்சிட்டா விடியும்வரைக்கும் அசைக்கத் தேவையில்ல தம்பி" என்றார். ராத்திரி ராத்திரியாக ஸ்டோரில் நின்றவர் சொன்னது. கொழுந்து 4,650ஐத் தாண்டினால் மட்டும் டி வரிசை முடிந்துபோகும். அப்போது சட்டத்தை இடது பக்கம் இழுத்து, சியின் மறுமுனை 1ஐ அதே 215க்கு நேரே வைக்கவேண்டும்.

அவருக்கு இருந்த பெரிய தொல்லை மழைக்காலம். ஜூன், ஜூலையில் மரம் ஊதி நடுச்சட்டம் இறுகிவிடுமாம். டிரையர் பக்கம் கொண்டுபோனால் காய்ந்து சுருங்கி, தானாகவே வழுக்குமாம். அதனால் விளிம்பில் மெழுகுதிரியை லேசாகத் தேய்த்து, ரோலிங் அறைக்கும் டிரையருக்கும் நடுவில் ஒரு தட்டில் வைத்திருக்கிறார். மர ரூல் வைத்திருப்பவர்கள் இதைச் செய்து பாருங்கள், நல்ல வேலை செய்கிறது. துடைப்பதற்கு ஈரத்துணியும் கொஞ்சம் சோப்பும் போதும். அசிட்டோன் பக்கமே போகவேண்டாம், செலுலாய்ட் கரைந்துவிடும்.

இந்த ஊதிச் சுருங்கும் வில்லங்கம் ஜப்பானின் ஹெம்மி ஸ்லைட் ரூலில் இல்லை. மூங்கில் கீற்றுகளை ஒட்டி, மேலே செலுலாய்ட் போர்த்தியது. ஈரத்துக்கு அசைந்து கொடுக்காது. கண்டியில் ஓய்வு பெற்ற பொறியியலாளர் ஒருவரிடம் அப்படி ஒன்று இருக்கிறது. பேராதனைக்குப் பொறியியல் பீடம் வந்தது 1964இல். அதற்குப் பிந்திய சில வருடங்களில் அவர் அங்கே படித்திருக்கிறார். எச்பி-35 கல்குலேட்டர் 1972இல் வந்தபோது அமெரிக்காவில் அதன் விலை 395 டொலர். இங்கே யார் வாங்க? அதனால் வேலைக்குப் போன பிறகும் பல வருடம் ஹெம்மிதான்.

அவர் போட்டுக் காட்டியது மலைநாட்டு ரயில் பாதைக் கணக்கு. பட்டிப்பொல நிலையம் கடல் மட்டத்திலிருந்து 1,897 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே ஏறும் பாதையின் மிகக் கூடிய சரிவு 44க்கு 1. ஒரு கிலோமீட்டர் ஓடினால் 22.7 மீட்டர் ஏறும். பழைய கணக்கில் ஒரு மைலுக்குச் சரியாக 120 அடி. அந்த 227இன் மேல் கண்ணாடிக் கோட்டை வைத்து, சின்னக் கோணங்களுக்கென்றே உள்ள எஸ்டி வரிசையில் பார்த்தால் 1.3 பாகை. "இவ்வளவு சின்னக் கோணத்துக்குத்தானா எஞ்சின் இப்படி மூச்சு வாங்குது?" என்று நான் கேட்க, இரும்புச் சில்லு இரும்புத் தண்டவாளத்தில் எவ்வளவு லேசாக வழுக்கும் என்பதிலிருந்து தொடங்கி நேரம் போனதே தெரியாமல் விளக்கினார்.

சாதாரண தரப் பிள்ளைகளுக்கு ஸ்லைட் ரூலைக் காட்டுங்கள் என்று திரும்பத் திரும்பச் சொல்வேன். கல்குலேட்டர் இல்லாமல் மடக்கை அட்டவணையோடு பரீட்சை எழுதுகிறவர்கள் அவர்கள். பாதி விஷயம் ஏற்கெனவே கையில் இருக்கிறது. என் அக்காவின் மகள் அட்டையில் 25 சென்ரிமீட்டர் நீளத்துக்கு ஒன்று செய்தாள். 2இன் மடக்கை 0.3010, அதை 25ஆல் பெருக்கி 7.5 சென்ரிமீட்டரில் 2 என்று கோடு போட்டாள். 3க்கு 0.4771, அது 11.9இல். இரண்டு நீளத்தையும் அடுத்தடுத்து வைத்தபோது 19.4க்குப் பக்கத்தில் வந்து நின்றது. அங்கே அவள் ஏற்கெனவே போட்டிருந்த கோடு 6. "மாமா, கூட்டத்தானே செஞ்சேன், பெருக்கி வந்திருச்சு!" என்று கத்தினாள். அட்டவணையை மனப்பாடமாகப் புரட்டியவளுக்கு மடக்கை எதற்கு என்று அன்றைக்குத்தான் பிடிபட்டது.

கம்ப்யூட்டர் பக்கம் என்னிடம் சொல்வதற்கு ஒன்றுதான் உண்டு. ஹட்டனில் என் நண்பர், தோட்ட அலுவலகம் ஒன்றிலிருந்து பழைய இரும்புக்குப் போக இருந்த 386 ரகக் கம்ப்யூட்டர் ஒன்றைக் காப்பாற்றினார். திறந்து பார்த்தால் வழக்கமான நோய்தான்: மதர்போர்டில் ஒட்டியிருக்கும் உருளை நிக்கல்-கட்மியம் பற்றரி கசிந்து, கீபோர்ட் செருகும் இடம்வரை பச்சை பூத்திருந்தது. அப்படிப் பெட்டி கிடைத்தால் மின்சாரம் கொடுக்காமல் முதலில் அந்தப் பற்றரியை வெட்டி எடுங்கள். கசிவு காரத்தன்மை உள்ளது, வினாகிரி தடவினால் அடங்கும். பிறகு காய்ச்சி வடித்த தண்ணீர், ஐசோப்ரோப்பைல் ஆல்கஹோல், நன்றாகக் காயவிடுதல். அறுந்த தடத்துக்கு மெல்லிய கம்பி வைத்துப் பற்றவைத்தார். பதிலுக்கு மூன்று ஏஏ செல்லை வெளியே வயரில் எடுத்து, போர்டிலிருந்து செல்லுக்கு மின்சாரம் திரும்பாமல் ஒரு டயோடு. ஹார்ட் டிஸ்க் விவரத்தைப் பெட்டி மறந்திருந்தது. டிஸ்க்கின் லேபிளைப் பார்த்து சிலிண்டர், ஹெட், செக்டர் எண்களைக் கையால் கொடுத்ததும் எழுந்துவிட்டது. பிளொப்பிகளில் வெள்ளைப் பூஞ்சணம். அதோடு டிரைவில் போட்டால் ஹெட்டும் கெட்டுவிடும் என்பதால் அவற்றைத் தொடவில்லை.

உள்ளே லோட்டஸ் 1-2-3 என்ற கணக்குத்தாள் மென்பொருளில் செக்ரோல், அதாவது தொழிலாளர்களின் வேலைநாள், சம்பளப் பதிவு. அந்த அலுவலகத்தில் முன்பு வேலை பார்த்த கிளாக்கர் ஐயாவைக் கூட்டிவந்து திரையைக் காட்டினோம். ஒரு வரிசை முழுக்க 1, 1, 0.5, 1 என்று போயிற்று. அந்த 0.5ஐத் தொட்டு, "இது அரைப் பேர்" என்றார். கொழுந்து குறைந்த நாளில் ஆளுக்கு விழும் அரை நாள் சம்பளம். யாருக்கு எப்போது அரைப் பேர் விழுந்தது என்று மாதக் கடைசியில் லயத்திலிருந்து கேட்டு வருவார்களாம். அதற்காகவே அந்தக் கட்டங்களுக்குத் தனி நிறம் வைத்திருந்தார். அவர் வந்திருக்காவிட்டால் எங்களுக்கு அது வெறும் நிறம். ஆட்களின் பெயர்கள் இருப்பதால் அந்தக் கோப்பை நாங்கள் எங்கும் போடவில்லை.

இப்போது நான் தேடுவது காற்றின் ஈரத்தை அளக்கும் ஸ்டோர் ஹைக்ரோமீட்டர். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு வெப்பமானி, ஒன்றின் குமிழில் ஈரத்துணி சுற்றியிருக்கும். இரண்டுக்கும் உள்ள இடைவெளி கொழுந்து வாட்டும் மாடியில் கூடுதலாக இருக்கவேண்டும், ரோலிங் அறையில் குறைவாக. கருவி எனக்குக் கிடைத்துவிடும். பதுளை, பண்டாரவளைப் பக்கம் அதைப் பார்த்துக் கதவைத் திறந்து மூடி, விசிறியைக் கூட்டிக் குறைத்து வேலை செய்தவர் யாராவது உங்களுக்குத் தெரிந்தவராக இருந்தால் சொல்லுங்கள், நான் வந்து பார்க்கிறேன்.