எம்.டிவ். படிப்பதா, எம்.ஏ. போதுமா? சாப்ளின் வேலைக்கு எது உதவும்?

மன்னா_துளி:
எல்லோருக்கும் ஸ்தோத்திரம். பி.காம். முடித்திருக்கிறேன், சபையில் வாலிபர் ஊழியத்தில் இருக்கிறேன். முழுநேரமாக இறங்கும் முன் இறையியலில் முதுநிலை படிக்க ஆசை. ஊழியத்துக்கென்றே உள்ள மூன்று வருட எம்.டிவ். (மாஸ்டர் ஆஃப் டிவினிட்டி), இரண்டு வருட எம்.ஏ. இவற்றில் எதை எடுப்பது? மருத்துவமனையில் நோயாளிகளுக்கு ஆன்மிகத் துணையாக இருக்கும் சாப்ளின் வேலையில்தான் நாட்டம் அதிகம். ஆனாலும் ஆயர் ஊழியத்தின் கதவை இப்போதே அடைத்துவிட மனமில்லை. முழுக்க ஆன்லைனில் படித்தால் பிறகு சிக்கல் வருமா? நான் பெண் என்பதால் தனியாகக் கவனிக்க வேண்டியது உண்டா?

வெள்ளிவிளக்கு:
சகோதரி, விண்ணப்பப் படிவத்தைத் தொடும் முன் உங்கள் சபைத் தலைமையிடம் கேளுங்கள்: ஆயராக நியமிக்கும் அபிஷேகத்துக்கு எந்தப் பட்டம், எந்தக் கல்லூரி, யாருடைய சிபாரிசு வேண்டும்? பதிலை எழுத்தில் வாங்குங்கள். பட்டம் தருவது கல்லூரி, அபிஷேகம் செய்வது சபை. பல சபைப் பிரிவுகளில் முதலில் ஊழிய வேட்பாளராக ஏற்றுக்கொண்டு, அதன் பிறகே படிக்க அனுப்புவார்கள். தானாகப் போய்ப் படித்து வந்தவர் அந்த வரிசையில் முதலிலிருந்து நிற்க வேண்டியதாகிவிடும்.

ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், லூத்தரன் சபைகள் பலவற்றில் பெண்களுக்கு அபிஷேகம் உண்டு. கத்தோலிக்கத் திருச்சபையில் இல்லை. பாப்திஸ்து, பெந்தெகொஸ்தே வட்டாரங்களில் அமைப்புக்கு அமைப்பு மாறும். உங்கள் சபையில் இல்லையென்றால், சாப்ளின் பணிக்கு மட்டுமாவது பிரதிஷ்டை செய்து அங்கீகாரக் கடிதம் கொடுப்பார்களா என்று அப்போதே கேட்டுவிடுங்கள். அந்தக் கடிதம் கிடைக்காமல் வேலை நின்றுபோகிறவர்கள் இருக்கிறார்கள்.

எபிரெய_மாணாக்கன்:
இரண்டு கதவும் திறந்திருக்க வேண்டுமானால் எம்.டிவ். எடுங்கள். வட அமெரிக்க இறையியல் கல்லூரிகளை அங்கீகரிக்கும் ஏ.டி.எஸ். விதிப்படி அதற்குக் குறைந்தது 72 செமஸ்டர் கிரெடிட் (பாட அளவின் அலகு), எம்.ஏ.வுக்கு 36 போதும். இந்தியாவில் இறையியல் பட்டம் வழங்கும் செராம்பூர் செனட் வழியில் போனால் எம்.டிவ். இருக்கும் இடத்தில் இருப்பது பி.டி. (பாச்சிலர் ஆஃப் டிவினிட்டி). பெயரைப் பார்த்து அதைச் சாதாரண இளநிலை என்று தள்ளிவிட வேண்டாம். பிற்பாடு டி.மின். (ஊழியத்தில் முனைவர் பட்டம்) செய்ய நினைத்தால் பல இடங்களில் எம்.டிவ். அல்லது அதற்கு இணையான படிப்பைக் கேட்பார்கள். எம்.ஏ. மட்டும் வைத்திருப்பவர்கள் அங்கே கூடுதல் பாடங்கள் எழுத வேண்டிவரும்.

மொழிப் பாடங்களில் ஒரு எச்சரிக்கை: கிரேக்கம், எபிரெயம் இரண்டையும் ஒரே செமஸ்டரில் தொடங்காதீர்கள். எபிரெய வினைக்கு வேர் மூன்று எழுத்து. ஆனால் வாக்கியத்தில் அந்த மூன்றும் எப்போதும் கண்ணில் படாது. 'கொடுத்தான்' என்பது நாத்தன், 'கொடுப்பான்' என்பது யித்தேன். முதல் வேரெழுத்தான நூன் அடுத்த எழுத்தோடு ஒன்றிவிட்டது. வேர் பிடிபடாவிட்டால் அகராதியில் தேடவே முடியாது. ஒரு வாரம் பின்தங்கினால் எட்டிப் பிடிப்பது பெரும்பாடு, அதுவும் இரண்டு மொழியில் என்றால் கேட்கவே வேண்டாம். சேரும் முன் எழுத்துகளையும் உயிர்க்குறிகளையும் வாசிக்கப் பழகிக்கொள்ளுங்கள், பாதி பாரம் குறையும்.

கட்டிலருகே:
சாப்ளின் வேலைக்குப் பட்டத்தைவிடக் கடினமான படி சி.பி.இ. என்கிற மருத்துவமனைப் பயிற்சி. அமெரிக்க முறையில் ஒரு யூனிட் 400 மணி நேரம். அதில் ஒரு பகுதி குழு வகுப்பு, மீதி நோயாளிகளோடு. கோடையில் முழுநேரமாகச் செய்தால் சுமார் 10 முதல் 12 வாரம் பிடிக்கும். வேலையோ படிப்போ பார்த்துக்கொண்டே செய்தால் பல மாதங்கள் நீளும். அங்கே சாப்ளின்களுக்கான போர்டு சான்றிதழ் பெற 72 கிரெடிட் முதுநிலைப் படிப்பு, 4 யூனிட் சி.பி.இ., சபையின் அங்கீகாரம், அதற்கு மேல் 2000 மணி நேரப் பணி அனுபவம் என்று வரிசையாகக் கேட்பார்கள். 36 கிரெடிட் எம்.ஏ. எங்கே இடிக்கும் என்று இப்போது தெரிந்திருக்கும். மற்ற நாடுகளில் விதிகள் வேறு, நீங்கள் வேலை செய்ய விரும்பும் நாட்டின் சாப்ளின் சங்கத்தின் நிபந்தனைகளை எடுத்துப் பாருங்கள்.

நல்ல பிரசங்கிகள்கூட இந்தப் பயிற்சியில் திணறுவார்கள். ஒரு நோயாளியோடு பேசியதை வரிக்கு வரி நினைவிலிருந்து எழுதிக் குழுவின் முன் வைக்க வேண்டும். இப்படி ஒன்று வரும்:

நோயாளி: "ராத்திரி ஆனா தூக்கமே வரல."
மாணவர்: "கவலைப்படாதீங்க, கர்த்தர் பாத்துக்குவார். ஜெபிக்கலாமா?"

மேற்பார்வையாளர் அங்கேயே நிறுத்துவார். ராத்திரியில் அவருக்கு என்ன வருகிறது, பயமா, வலியா, வீட்டு நினைவா என்று ஏன் கேட்கவில்லை? ஜெபம் அவருக்குத் தேவைப்பட்டதா, அல்லது அந்த அமைதியைத் தாங்க முடியாமல் உங்களுக்குத் தேவைப்பட்டதா? இந்தக் கேள்வியைக் குற்றச்சாட்டாக எடுத்துக்கொள்கிறவர் அந்த யூனிட்டில் தேறுவது கஷ்டம். வேறு மதத்தவர், நம்பிக்கையே இல்லாதவர் என எல்லோர் கட்டிலுக்கும் போக வேண்டும். அங்கே ஆத்தும ஆதாய நோக்கோடு, அதாவது அவர்களை விசுவாசத்துக்குள் கொண்டுவரும் நோக்கோடு பேசுவது சாப்ளின் பணியின் நெறிக்கே எதிரானது. இது உங்கள் மனதுக்கு ஒத்துவருமா என்று யோசியுங்கள். முதல் வருடம் முடிந்ததும் ஒரு யூனிட் செய்து பார்ப்பது நல்லது, மூன்றாம் வருடம் வரை தள்ளாதீர்கள்.

மன்னா_துளி:
மிக்க நன்றி ஐயா. அப்படியானால் ஆன்லைன்? ஆலோசனைத் துறையில் எம்.ஏ. செய்தால் தனியாக கவுன்சிலிங்கும் செய்யலாமா?

வெள்ளிவிளக்கு:
பாடங்களை ஆன்லைனில் படிக்கலாம், தடையில்லை. கல்லூரிக்கு அங்கீகாரம் இருக்கிறதா என்பதைக் கல்லூரியின் இணையதளத்தில் பார்க்காமல், அங்கீகரிக்கும் அமைப்பின் பட்டியலில் பாருங்கள். ஆசியாவில் என்றால் செராம்பூர் செனட், ஆசிய இறையியல் சங்கம் இரண்டும் பரவலாகத் தெரிந்தவை. 'சர்வதேச அங்கீகாரம்' என்று மட்டும் போட்டு அமைப்பின் பெயரைச் சொல்லாத இடத்தை விட்டுவிடுங்கள். களப்பயிற்சியை நேரில்தான் செய்ய வேண்டும், அதற்கு உங்கள் பக்கத்தில் யார் மேற்பார்வை பார்ப்பார்கள் என்று சேர்க்கையின்போதே கேளுங்கள்.

கவுன்சிலிங் விஷயம் வேறு. உரிமம் கட்டாயமான நாடுகளில், அந்த உரிமத்துக்கென்று வடிவமைத்த படிப்பு மட்டுமே செல்லும். போதக ஆலோசனையில் எம்.ஏ. வாங்கினாலும் தானாக உரிமம் வராது.

உங்கள் பி.காம்.-ஐக் கைவிட வேண்டாம். சிறிய சபைகளில் ஆயரின் சம்பளம் பல நேரங்களில் குடும்பத்துக்குப் போதாது, அதனால் பாதி நேர வேலையோடு ஊழியம் செய்கிறவர்கள் நிறைய. சபை நிர்வாகம், மிஷன் அமைப்புகள், கிறிஸ்தவத் தொண்டு நிறுவனங்கள் எல்லாவற்றிலும் இறையியலும் கணக்கும் ஒருசேரத் தெரிந்த ஆளைத் தேடுகிறார்கள்.