மருந்துப் பை முதல் படகில் போய்விட்டது

சிங்கப்பூரில் மாணவர் முகாம்களின் பாதுகாப்பைப் பற்றி மூவர் தங்கள் அனுபவத்தை எழுதுகிறார்கள்.

தெம்பனிஸ், தொண்டூழியர்:

ஜூன் பள்ளி விடுமுறையில் 33 மாணவர்களுடன் புலாவ் உபின் தீவில் மூன்று நாள் முகாம் நடத்தினோம். எங்கள் அவசரகாலத் திட்டம் 14 பக்கம் நீண்டது. காட்டுப்பன்றி, குளவி, வெப்ப அயர்ச்சி, புகைமூட்டம் என ஒவ்வொன்றுக்கும் தனிப் பகுதி இருந்தது. ஆனால் திரும்பும் வழியில் எந்தப் படகில் எது போக வேண்டும் என்பதற்கு ஒரு வரிகூட இல்லை.

சாங்கி முனைக்கும் உபினுக்கும் இடையே ஓடும் பம்போட் எனும் சிறு மோட்டார் படகில் 12 பேர்தான் ஏறலாம். ஆகவே மூன்று படகுகள் தேவைப்பட்டன. சுமையைக் குறைக்கலாம் என்று எண்ணி, பெரிய பைகளையும் முதலுதவிப் பெட்டியையும் பெற்றோர் நிரப்பித் தந்த படிவக் கோப்பையும் முதல் படகிலேயே ஏற்றிவிட்டோம். இரண்டாவது படகும் புறப்பட்ட சற்று நேரத்தில் மேற்கு வானம் கறுத்தது. ஏப்ரல் முதல் நவம்பர் வரை பெரும்பாலும் விடியலிலோ காலையிலோ வந்து மோதும் சுமத்ரா சூறைக்காற்றுதான் அது. மின்னல் ஓயும்வரை படகை எடுக்க முடியாது என்று படகோட்டி சொல்லிவிட்டார். மழைக்கு ஒதுங்க ஓடியபோது, உயர்நிலை ஒன்றில் படிக்கும் ஒரு மாணவனுக்கு மூச்சிரைப்பு தொடங்கியது. அவனுக்கு ஆஸ்துமா உண்டு என்பது எனக்குத் தெரியும். அவனுடைய இன்ஹேலர், நாங்களே கேட்டு வாங்கிப் பத்திரமாக வைத்த முதலுதவிப் பெட்டியில், கடலுக்கு அப்பால் இருந்தது.

அவனைப் படுக்க விடாமல் நிமிர்த்தி உட்கார வைத்துவிட்டு அவசர ஆம்புலன்ஸ் எண்ணான 995ஐ அழைத்தேன். ஒரே மூச்சில் ஒரு வாக்கியத்தை முழுதாகச் சொல்ல முடிகிறதா என்று எதிர்முனையில் கேட்டார்கள். அவனால் இரண்டு சொல்லுக்கு மேல் முடியவில்லை. அதற்குள் இன்னொரு தொண்டூழியரிடம் என் இரண்டாவது கைப்பேசியைக் கொடுத்து அவன் தாயாரை அழைக்கச் சொன்னேன். கோப்பு கையில் இல்லாத நிலையிலும் அவருடைய எண் கிடைத்ததற்குக் காரணம், பிள்ளையை எத்தனை மணிக்கு வந்து அழைத்துச் செல்வது என்று கேட்டு அவர் அன்று காலை அந்தக் கைப்பேசிக்குப் பேசியிருந்ததுதான். “தம்பி, தண்ணீர் போத்தல் உறையின் பக்கப் பையைப் பாருங்கள், இன்னொன்று வைத்திருக்கிறேன்” என்றார். நீல நிற இன்ஹேலர், ஒரு பழைய கைக்குட்டைக்குள் சுருட்டி வைக்கப்பட்டிருந்தது. 995இல் இருந்தவர் சொல்லச் சொல்ல ஒவ்வொரு முறையாக உறிஞ்ச வைத்தோம். படகு சாங்கியை அடைந்தபோது ஆம்புலன்ஸ் காத்திருந்தது.

அன்று அவனைக் காப்பாற்றியது ஒரு தாயின் முன்யோசனை. எங்கள் 14 பக்கத்துக்கு அதில் பங்கில்லை. இப்போது இன்ஹேலரைப் பிள்ளையே இடுப்புப் பையில் வைத்திருக்கிறான். ஒவ்வொரு படகிலும் ஒரு சிறு முதலுதவிப் பையும், அப்படகில் வருவோரின் பெயர், பெற்றோர் எண், ஒவ்வாமை ஆகியவை எழுதிய ஒரே ஒரு தாளும் போகின்றன. அந்தத் தாளை வைத்திருப்பவர் கடைசியாகத்தான் ஏற வேண்டும்.

பாசிர் ரிஸ், முன்னாள் முகாம் பொறுப்பாளர்:

மின்னலைப் பற்றி ஒன்று சேர்க்கிறேன். ஒளிக்கும் இடிக்கும் இடையே மூன்று நொடி என்றால் ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர். 30 நொடிக்குள் இடி கேட்டால் கட்டடத்துக்குள் போய்விட வேண்டும், கடைசி இடிக்குப் பின் 30 நிமிடம் வெளியே வரக்கூடாது. பிள்ளைகள் கூடாரத்துக்குள் ஓடுவதைத்தான் தடுக்க வேண்டியிருக்கும், ஏனெனில் கூடாரம் மழைக்குத்தான் உதவும். இன்னொன்று, பூங்காவின் நடுவிலிருந்து 995ஐ அழைப்பவர் “கடற்கரையில் இருக்கிறோம்” என்றால் யாருக்கும் விளங்காது. பக்கத்து விளக்குக் கம்பத்தின் எண்ணைப் படித்துச் சொல்ல முகாமின் முதல் நாளே மாணவர்களைப் பழக்குகிறோம். அவர்களுக்கு அது விளையாட்டாகவே இருக்கிறது.

ஈசூன், பெற்றோர்:

பெற்றோர் பக்கத்துத் தவற்றையும் எழுதத்தான் வேண்டும். என் மகளுக்குச் சிறு வயதில் இரண்டு முறை வலிப்பு வந்தது. முகாமில் சேர்க்க மாட்டார்களோ என்ற பயத்தில், சென்ற ஆண்டுப் படிவத்தில் “உடல்நலக் குறை ஏதுமில்லை” என்று எழுதிவிட்டேன். மூன்று இரவும் தூங்கவில்லை என்பது வேறு விஷயம். இந்த ஆண்டு உள்ளதை உள்ளபடி எழுதினேன். மறுநாளே முகாமிலிருந்து ஒருவர் அழைத்து, வலிப்பு எவ்வளவு நேரம் நீடித்தது, அதற்கு முன் ஏதாவது அறிகுறி தெரிந்ததா என்றெல்லாம் கேட்டுக் குறித்துக்கொண்டார். ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் 995ஐ அழைப்போம், வாயில் எதையும் திணிக்க மாட்டோம் என்று அவரே சொன்னார். கயாக் ஓட்டும் நேரத்தில் மட்டும் அவளோடு ஒரு பெரியவர் அதே படகில் இருப்பார் என்றார். மகளுக்கு அது பிடிக்கவில்லை. தோழியோடு ஓட்ட வேண்டுமாம். அந்தப் பேச்சுவார்த்தை இன்னும் நடந்துகொண்டிருக்கிறது.