எட்டாம் மாதம், ரத்தம் ஏறவில்லை: அயர்ன் சுக்ரோஸ் (நரம்பு வழியாக ஏற்றும் இரும்புச்சத்து மருந்து) ஏற்றிக்கொண்டவர்கள் சொல்லுங்கள்

தங்கைக்கு இப்போது 30 வாரம், தலைப்பிரசவம். ஊர் வேடசந்தூர் பக்கம். நாலாம் மாதம் 10.1 இருந்த ஹீமோகுளோபின் இப்போது 8.1. கர்ப்பிணிக்கு 11-க்குக் கீழே போனாலே ரத்தசோகைதான். படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, கீழ் இமையின் உட்பக்கம் வெளுத்திருக்கிறது.

இரும்புச்சத்து மாத்திரை போட்டால் வாந்தி. ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் கொடுத்துப் பார்த்தோம், டானிக்குக்கு மாற்றினோம், மலச்சிக்கல்தான் மிச்சம். கால்சியம் மாத்திரையைத் தனி நேரத்துக்குத் தள்ளியாயிற்று, டீயை நிறுத்தியாயிற்று. பூச்சி மாத்திரையும் கொடுத்துவிட்டார்கள். முருங்கைக்கீரை, பேரீச்சம்பழம் தினமும் உண்டு.

ஆரம்ப சுகாதார நிலைய டாக்டர் அயர்ன் சுக்ரோஸை சலைனில் கலந்து, ஒருநாள் விட்டு ஒருநாள் ஏற்றலாம் என்கிறார். எனக்கு அதுதான் சரியென்று படுகிறது. பிரசவத்தில் வழக்கமாகப் போகிற ரத்தத்தைக்கூட இந்த உடம்பு தாங்குமா என்பதுதான் என் பயம். அவள் மாமியாரோ குழந்தைக்கு ஆகாது என்கிறார். தாய்க்கு ரத்தம் குறைந்தால் குழந்தை எடை குறைந்தோ குறைமாதத்திலோ பிறக்க வாய்ப்புண்டு என்று டாக்டர் சொல்லியும் அவருக்கு மனம் ஒப்பவில்லை.

ஏழு, எட்டாம் மாதத்தில் இதை ஏற்றிக்கொண்டவர்களுக்குப் பிரசவத்துக்குள் ஹீமோகுளோபின் எவ்வளவு கூடியது?