புதுப்பிப்பு: காலை முதல் அழைப்பில் தொங்கிய ஜிஆர்பிசி

போன கிழமை கேட்டிருந்தேன்: திருகோணமலை நகர அலுவலகத்திலிருந்து சீனன்குடாவில் உள்ள குளிர்களஞ்சியக் கணினியை ஜிஆர்பிசி (gRPC: ஒரு கணினியிலுள்ள நிரல் இன்னொரு கணினியிலுள்ள நிரலை வலையமைப்பு வழியாக அழைக்கும் முறை) மூலம் அழைத்தால், காலையில் முதல் அழைப்பு பதிலும் தராமல் பிழையும் தராமல் அப்படியே நிற்கிறது, ஏன் என்று.

சரி, காரணம் பிடிபட்டது. இரவில் யாரும் அழைப்பதில்லை. சும்மா கிடக்கும் இணைப்பை இடையிலுள்ள ரவுட்டர் சத்தமில்லாமல் மறந்துவிடுகிறது. இரு முனைகளுக்கும் அது தெரியாது. நாமாகக் கொடுக்காவிட்டால் ஜிஆர்பிசி அழைப்புக்கு டெட்லைனே, அதாவது பதிலுக்குக் காத்திருக்கும் கால எல்லையே, கிடையாது; அதனால்தான் அழைப்பு அப்படியே நிற்கிறது (இதை இயல்புநிலையாக வைத்தவர்களை என்ன சொல்ல!).

இப்போது ஒவ்வொரு அழைப்புக்கும் 5 வினாடி டெட்லைன். அப்புறம் கீப்அலைவ் பிங், அதாவது இணைப்பு உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க இடையிடையே அனுப்பும் சிறு செய்தி. '10 வினாடிக்கு ஒன்று அனுப்புங்கள்' என்று ஒருவர் சொல்லியிருந்தார். அதை மட்டும் செய்தால் சரிவராது. 5 நிமிடத்துக்குக் குறைந்த இடைவெளியில் பிங் வந்துகொண்டிருந்தால், சர்வர் (அழைப்பைப் பெறும் களஞ்சியக் கணினி) 'டூ மெனி பிங்ஸ்' (பிங் அளவுக்கு மிஞ்சிவிட்டது) என்று இணைப்பையே வெட்டிவிடும். அந்த எல்லையைச் சர்வரிலும் குறைக்க வேண்டும். அழைப்பு ஏதும் இல்லாத நேரத்திலும் பிங் போக அனுமதிக்கும் அமைப்பையும் இரு பக்கமும் திறக்க வேண்டும். இல்லாவிட்டால் இரவில் பிங்கே போகாது. நான் பிங் இடைவெளியை 1 நிமிடமாக வைத்திருக்கிறேன், தொங்கல் போய்விட்டது.

தானியங்கி மறுமுயற்சியை வெப்பநிலை வாசிப்புக்கு மட்டும் போட்டேன். பனி உருக்கலைத் தொடங்கும் கட்டளைக்கு இல்லை. டெட்லைன் தாண்டினாலும் அந்த முனையில் வேலை நடந்து முடிந்திருக்கலாம்; மறுபடி அனுப்பினால் இரண்டு தடவை நடந்துவிடும்.

அடுத்தது நிலாவெளி. அங்கே மொபைல் இணைப்புத்தான், 1 நிமிடம் போதுமா என்று பார்க்க வேண்டும்.